நாலரை மாசக் கிழவி

மழை பிடித்துப் பதினோரு நாளாகியும் விடுவதாக இல்லை. லாண்டரிக்காரர்களுக்கு மழை என்றால் என்னவென்று எதிர்க்கடையில் புத்தகம் தைக்கும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு இருநூறு, ஓட்டல் மேஜைத் துணி எண்பது, எல்லாம் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கும். மழைக்காலத்தில் அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கிறவர் கிடையாது. டீ குடிக்கப் போனால் நாலு விரிப்பை விலக்கித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்றைக்கு ஐந்தாவது விரிப்புக்குப் பின்னால் பாப்பா ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தாறு வயது. காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள். அப்பா கூப்பிட்டதைத் தெருவே பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்போம். அறுபது வருஷம் வெள்ளாவியும் கரி அடுப்பும் தின்று முடித்த நுரையீரலோடு, இஸ்திரி மேஜைக்குப் பின்னால் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அந்த மூலையில்தான் வெதுவெதுப்பு இருக்கும்.

"என்னவாம் கடுதாசில?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமில்லப்பா. மழைக்காக ஆராதனை நேரத்த மாத்தியிருக்காங்களாம்."

"பொய் சொல்லும்போது இஸ்திரிப் பெட்டிய ஒரே இடத்துல வைக்காத. துணி கருகுது பாரு."

பாப்பா பெட்டியைத் தூக்கினாள். விரிப்பில் முக்கோணமாக ஒரு பழுப்பு. கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீங்களே படிங்கண்ணே. என்னால முடியாது" என்றாள்.

கடிதம் அவர்களுடைய சபையிலிருந்து வந்தது. பாப்டிஸ்ட் சபை. ஊரில் முழுக்குச் சபை என்றால்தான் தெரியும். பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் அங்கே இல்லை. வளர்ந்து, புத்தி வந்து, தானாகக் கேட்டு வருகிறவரைத் தொட்டியில் இறக்கி முழுக்கி எடுப்பார்கள். நான் அந்தச் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. அவர்களுடைய பாட்டுப் புத்தகங்களுக்கு முதுகு ஒட்டிக் கொடுப்பதோடு சரி.

சபையின் முதல் போதகர் ஒரு சாயக்காரர். இந்த லாண்டரிதான் அவருடைய சாயப்பட்டறை என்றும், தாங்கள் அவர் வம்சம் என்றும் இவர்கள் சொல்வார்கள். மாஸ்டருடைய பாட்டனுக்குப் பாட்டன். பின்கட்டில் இன்றைக்கும் விரிப்பு அலசுகிற கல்தொட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று படி, அந்தப் பக்கம் மூன்று படி. துணிக்கு எதற்குப் படி? முதல் ஆட்கள் இப்படி இறங்கி அப்படி ஏறினார்களாம்.

கடிதத்தில் இருந்தது இதுதான். பழைய கல்லறைத் தோட்டத்தின் முதல் வரிசை, முதல் போதகரின் வாரிசுகளுக்கும் அவர்களைக் கட்டினவர்களுக்கும் மட்டும் உரியது. ஆண்டு மலருக்காகப் பதிவேட்டை ஆராய்ந்ததில் போதகருக்குப் பிள்ளை இருந்திருக்க வழியில்லை என்று தெரிகிறது. ஆகவே தங்கள் தகப்பனாருக்காக ஒதுக்கியிருந்த இடம் ரத்து செய்யப்படுகிறது. ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டவர்களுக்குத் தொந்தரவு இராது.

ஏற்கெனவே அடக்கமானவர்களில் பாப்பாவின் அம்மாவும் ஒருத்தி. ஏழு வருஷத்துக்கு முன்னால் வைத்தார்கள். பக்கத்தில் ஆறடி விட்டிருந்தது. வேறு வரிசைகளில் இடமில்லை. இனிமேல் சாகிறவர்களுக்கு ஒன்பது மைல் தள்ளி நகராட்சி மைதானம்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் இருமினார். "அப்ப அவ அங்க, நான் பஸ் ஏறிப் போகணுமா?" என்றார்.

பாப்பாவின் புருஷன் கொதிகலனுக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. எதற்கும் ஆமா என்பான், பட்டப்பெயரும் அதுதான்.

"நீங்க எங்கயும் போகல," என்றாள் பாப்பா. "அண்ணே, குடை இருக்கா?"

சபைச் செயலாளர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கெட்டவர் இல்லை. சரியாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம், அதுதான் கஷ்டம். கெட்டவரென்றால் சண்டை போட்டுவிடலாம். சபை அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து மலருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் முதல் போதகரின் படம், பிற்காலத்தில் யாரோ வரைந்தது. மீசைகூட முளைக்காத முகம். இருபத்து நாலு வயதில் கோவில் கட்டி, முப்பத்தொன்றில் இறந்துபோன இளம் போதகர் என்பது சபையின் பெருமை. வாலிபர் சங்கமே அவர் பேரில்தான் நடக்கிறது.

"உக்காரும்மா பாப்பா."

"உக்கார வரல சார். எங்கம்மா பக்கத்துல எங்கப்பாவுக்கு இடம் கேட்டு வந்திருக்கேன்."

"நானா இல்லன்னு சொன்னேன்? கணக்கு சொல்லுது." பென்சிலை எடுத்தார். "போதகர் பிறந்தது ஆயிரத்து எண்ணூத்து இருபத்தெட்டு. அவர் கல்லுலயே வெட்டியிருக்கு. இறந்தது ஐம்பத்தொன்பது. நீங்க மகன்னு சொல்றவர் பிறந்தது நாப்பத்தொண்ணு, பதிவேட்டுல இருக்கு. கழிச்சுப் பாரு."

"பதிமூணு."

"மனைவின்னு எழுதியிருக்கிற அம்மா பிறந்தது இருபத்தொன்பது. அவங்களுக்குப் பன்னெண்டு. இதை நான் அச்சுல ஏத்தினா ஊரு சிரிக்காதா?"

"'என் மகன்'னு அவர் கையாலயே எழுதியிருக்காரே சார்."

"போதகருக்குச் சபையில எல்லாருமே மகன்தாம்மா. எடுத்து வளர்த்த பையனா இருக்கும். இல்ல, வேலைக்கு இருந்த பையனா இருக்கும்."

"தொட்டி? படி?"

"படி இருந்தா பூனையும் இறங்கும்."

பாப்பா சிரிக்கவில்லை. நான்தான் அவசரப்பட்டுச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஸ்டர் எத்தனை வருஷமா இந்தக் கோவில் திரைச்சீலையெல்லாம் வெளுத்துக் குடுத்தவர்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருத்தருக்காகக் கணக்க வளைச்சா, நாளைக்கு எல்லாருக்கும் வளைக்கணும். மூணாவது ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டம். அது முடிஞ்சா மலர் அச்சுக்குப் போயிடும். அதுக்குள்ள ஒரு தாள் கொண்டா, போதும். என் கையாலயே அடிச்சுடறேன்."

"கொண்டு வரேன்," என்றாள். எங்கிருந்து என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த பத்து நாள் அவள் அலைந்ததை நான் பார்த்தேன். காலை நாலு மணி நேரம் கொதிகலன், நீலம், கஞ்சி, பிழிகிற உருளை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி விரிப்பு வண்டியை அனுப்பிவிட்டு, சுருங்கி வெளுத்துப்போன விரலோடு பஸ் ஏறிவிடுவாள். புருஷன் ஆமா அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தான். நகராட்சிப் பிறப்புப் பதிவு ஆயிரத்து எண்ணூற்று எண்பதில்தான் தொடங்குகிறது. குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கிற சபையாருடைய பெரிய கோவிலில் அதற்கும் முந்தின ஏடுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. அங்கிருந்த குமாஸ்தா பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "எங்க ஆளுங்க பிறந்த எட்டாம் நாள் தண்ணி ஊத்துவாங்க, எழுதிடுவோம். உங்க ஆளுங்கதான் குழந்தைக்கு ஒண்ணும் செய்யறதில்லையே. பிறந்தா பிறந்ததுதான். யாரு எழுதுவா?"

"அவர் சொல்றது நெசந்தானண்ணே," என்றாள் என்னிடம். ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே பேசினாள். அன்றைய மத்தியானச் சாப்பாடு அதுதான். "எங்க சபையில பிறந்தவன் பிறந்தான்கிறதுக்குச் சாட்சி அவன் அம்மா மட்டும்தான்."

கல்லறைத் தோட்டத்துக்கும் போனாள். சோடாவும் துணி தேய்க்கிற பிரஷும் எடுத்துப்போய், முதல் வரிசைக் கல்லையெல்லாம் பாசி போகத் தேய்த்தாள். கல் வெளுத்தது, சேதி ஒன்றும் புதிதாக வரவில்லை. 'பிறந்தார் 1828' என்ற எழுத்து முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

விட்டுவிடு என்று நானே ஒரு நாள் சொன்னேன். "மாஸ்டருக்கே இப்ப அது பெரிசாத் தெரியல போல. பேச்சே எடுக்கறதில்லையே."

"அம்மா செத்த அன்னைக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'இடம் இருக்கு, அதனால அழல'ன்னார். அந்த இடத்த எடுத்துட்டாங்க. இப்ப ராத்திரி ராத்திரி அழறார். இருமல்னு சொல்றார். எனக்குத் தெரியாதா?"

ஆண்டு விழாவுக்காகப் பழைய பதிவேட்டுக்குப் புதுத் தோல் போடச் சொல்லி, அந்த வாரம் சபையிலிருந்து என் கடைக்கு அனுப்பினார்கள். போதகர் கையால் எழுதின ஏடு. பாப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். ஈரக்கையை முந்தானையில் மூன்று தரம் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். தங்கள் குடும்பத்தை எழுதியிருந்த தாளைப் புரட்டி எடுத்தாள். 'பெயர், பிறந்த நாள், குறிப்பு' என்று மூன்று பத்தி. குறிப்பில் 'என் மகன்' என்று இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மற்றத் தாள்களைக் கட்டைவிரலால் விர்ரென்று தள்ளினாள். விரிப்பு எண்ணும்போது தள்ளுகிற அதே தள்ளல். பாதியில் விரல் நின்றது.

"அண்ணே, இது ரெட்டை."

"எது?"

"இந்தத் தாள். ரெண்டு விரிப்பு ஒட்டிக்கிட்டு வந்தா விரலுக்குத் தெரியும். இது ஒண்ணு இல்ல, ரெண்டு."

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாகக் கோடு போட்டு ஓடியிருந்தது பசை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஏட்டைத் தைத்தவன் நான். பிரஷிலிருந்து சொட்டியதைத் துடைக்காமல் அழுத்தியில் வைத்து இறுக்கிவிட்டிருக்கிறேன். யார் கை என்று பார்த்தாலே தெரியும், பசையை இப்படித் தாராளமாகப் பூசுகிறவன் ஊரில் நான் ஒருத்தன்தான்.

"பழைய தாள் சிலது தடிமனா இருக்கும்," என்றேன்.

அவள் நம்பிவிட்டுப் போய்விட்டாள். தொழிலில் நாற்பது வருஷம். ஊரில் பைண்டர் என்றால் ஒரு மரியாதை. அதற்காக அந்தப் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. மறுநாள் காலையில் கடை திறக்காமல் நேராக லாண்டரிக்குப் போனேன்.

"பாப்பா, அது ரெட்டைதான். ஒட்டினது நான்."

அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்திருந்தாள், மற்ற இரண்டு முனை ஆமாவிடம். மடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"இருபத்தெட்டு வருஷமாவா?"

"ஆமா" என்றேன். பக்கத்திலிருந்து அவனும் அதையே சொன்னான், எனக்கு ஆறுதலாகவோ என்னவோ.

"பிரிக்க முடியுமா?"

"மைதாப் பசைதான். ஆவி காட்டினா இளகும். அதிகமானா மை கலைஞ்சிடும்."

"ஆவி என் பொறுப்பு. மை உங்க பொறுப்பு. ஆனா கணக்கு சார் வராம தொடக்கூடாது. நாமளே எழுதி வச்சோம்னு ஒருத்தர் சொல்லிடக்கூடாது பாருங்க."

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணக்கு சார் குடையோடு வந்தார். நாலு விரிப்பை விலக்குவதற்குள் தலை நனைந்துவிட்டது. இஸ்திரி மேஜையில் ஏட்டை விரித்து, தாளுக்கு மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்தேன். அதன் மேல் பாப்பா ஒரு மல் துணியை நனைத்துப் பிழிந்து போட்டாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். பெட்டி நாலு கிலோ. அதை அந்தரத்தில் அப்படிப் பிடிக்க என்னால் ஆகாது. அவள் ஒரே மட்டத்தில் ஓட்டினாள். மாஸ்டர் கட்டிலில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு, "ஓரம் விட்டுப் போகுது, ஓரம்," என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தரம் ஆவி காட்டியதும் நான் தாள் பிரிக்கிற எலும்புத் தகட்டை இடுக்கில் நுழைத்தேன். கொஞ்சம் இடம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம். கடைசியில் பழைய சட்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இரண்டும் பிரிந்தன. ஓரத்தில் இரண்டு எழுத்து போனது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"சார்தான் படிக்கணும்," என்றாள் பாப்பா.

மேலே 'சபையில் மரித்தவர்கள்' என்று தலைப்பு. கணக்கு சார் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து, வாய்விட்டுப் படித்தார்.

"செங்கல் சூளைக்காரருடைய தாய். பிறந்தது 1847 ஏப்ரல் 4. மரித்தது 1847 ஆகஸ்ட் 19. பேரன்மார் மூவர் பெட்டியைச் சுமந்தார்கள். நாலாவது மூலையை நான் பிடித்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். எதில் எழுதுவதென்று தெரியாமல் விரலை மடக்கி எண்ணினார்.

"ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்... நாலரை மாசம்."

"நாலரை மாசக் கொழந்தைக்கு மூணு பேரனா சார்?" என்றார் மாஸ்டர் கட்டிலிலிருந்து. "அதுக்கு எங்க பாட்டன் பதிமூணு வயசுல பெத்தது பரவாயில்ல."

ஆமாதான் முதலில் சிரித்தான். அவன் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கணக்கு சார் சிரிக்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இவர் பிறந்ததுன்னு எழுதினது..."

"தண்ணியில இறங்கின நாள் சார்," என்றாள் பாப்பா. இஸ்திரிப் பெட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "அந்தம்மா ஏப்ரல்ல முழுக்கு எடுத்திருக்காங்க. அதுக்கு முந்தி வாழ்ந்ததை அவர் பிறப்புன்னே எண்ணல. தன் பொண்டாட்டிக்கும் அப்படித்தான், மகனுக்கும் அப்படித்தான். தனக்கும் அப்படித்தான் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கார்."

கணக்கு சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மறுபடியும் பிறந்தேன், மறுபடியும் பிறந்தேன்னு வாரா வாரம் பாடறோம். நாப்பது வருஷமாப் பாடறேன். வாயால பாடினதை ஒரு நாளாவது கணக்குல எடுத்தேனா பாரு." நெற்றியைத் தேய்த்தார். "வேற சபைக்காரன் படிச்சிருந்தா, என்னய்யா இது, பிறந்த தேதி உதைக்குதேன்னு கேட்டிருப்பான். நமக்குத்தான் ரெண்டு பிறப்பும் பழகிப்போச்சு. சரி, சாகும்போது அவருக்கு வயசு என்ன?"

"தெரியாது சார்."

"மகனுக்கு?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு எப்படிம்மா அச்சுல போடறது?"

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் சார் போடணும்."

எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் அது கசப்பு மருந்துதான். ஆனாலும் விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, தான் எழுதின நாலு பக்கத்தையும் எல்லோர் முன்னாலும் குறுக்கே அடித்தார். வாலிபர் சங்கத்தார் சலசலத்தார்கள். இளம் போதகர் கிழவராகிவிட்டால் சங்கத்துக்கு என்ன பேர் வைப்பது என்று ஒருவர் கேட்டார். "படத்துக்குத் தாடி வரைஞ்சுடலாம், பேரு இருக்கட்டும்," என்றார் கணக்கு சார். இத்தனை வருஷம் இந்தப் பக்கம் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று இன்னொருவர் கேட்டார். கடைசி பெஞ்சில் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் கையைத் தூக்கினேன். "பசை நான் போட்டது" என்றேன். சபை சிரித்தது. காது சுட்டாலும், பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

முதல் வரிசையில் ஆறடி மாஸ்டருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பாப்பா அதைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, அப்பாவுக்கு அவித்த முட்டை உரித்துக் கொடுத்தாள். அவர் மெல்ல மென்றார்.

"பாப்பா, ஒண்ணு யோசிச்சியா? அந்த மகன் அவர் முழுக்கு எடுக்கறதுக்கு முந்தியே பிறந்தவனாத்தான் இருக்கும். எங்க தாத்தா சொல்லுவார், அந்தக் காலத்துல அவர் குடிச்சுட்டு இதே தொட்டியில நீலமும் செவப்புமா விழுந்து கெடப்பாராம். அந்த வருஷத்தையெல்லாம் அவர் வேணாம்னு தள்ளிட்டார். போதகர் சபைக்குச் சொந்தம், சரி. நாம அந்தக் குடிகாரன் பெத்த வம்சம்."

"அதனால என்னப்பா?"

"அவனையும் விடாதன்னு சொல்றேன். என் கல்லுல ஒரே ஒரு பிறந்த தேதி போட்டு முடிச்சுடாத. உங்கம்மா என்னை முப்பத்தொன்பது வயசுலதான் தண்ணியில இறக்கினா. அது வரைக்கும் நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஆனா நீ பிறந்தது அந்தக் கணக்குலதான். பின்னால எவனாவது கழிச்சுப் பார்த்து உன்னை அநாதையாக்கிடக் கூடாது."

மழை விட்டு, துணியெல்லாம் வெளிக்கயிற்றுக்குப் போன பிறகு, பதினோராவது வாரம் மாஸ்டர் இறந்தார். வெயிலில் விரிப்பு பளபளத்த ஒரு காலைநேரம். முதல் வரிசையில், பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். பெட்டியின் மூன்று மூலையை ஆமாவும் உறவுக்காரர் இருவரும் பிடித்தார்கள். நாலாவது மூலைக்குக் கணக்கு சார் தானாக வந்து நின்றார்.

நாற்பது நாள் கழித்துப் பாப்பாவோடு கல்தச்சர் பட்டறைக்குப் போனேன். அவள் எழுதிக் கொடுத்த தாளைக் கல்தச்சர் தூரத்தில் பிடித்துப் படித்தார், கிட்டத்தில் பிடித்தும் படித்தார்.

"என்னம்மா இது? அம்மா வயிற்றில் பிறந்ததுன்னு ஒரு தேதி, தண்ணீரில் பிறந்ததுன்னு ஒரு தேதி. ஒரு ஆளுக்கு எத்தனை பிறப்பு?"

"ரெண்டு."

"எல்லாரும் ஒண்ணுதான் போடுவாங்க. கல்லுல இடம் பத்தாதும்மா. மேல உள்ளதை எடுத்துடட்டுமா?"

"எழுத்தைச் சின்னதாக்குங்கண்ணே," என்றாள் பாப்பா. "வரியை எடுக்காதீங்க."